காற்றுக்கு விட வேண்டிய இடம்

அட்லாண்டாவின் வடக்குப் புறநகர் ஒன்றில் என் தங்கை வீடு. கொல்லைப்புற மரத்தளத்தின் ஓரத்தில், இரும்புத் தாங்கியின் மேல், பச்சை மெருகு பூசிய பெரிய முட்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். பீங்கான் கரியடுப்பு. எடை எழுபது கிலோவுக்கு மேல். அடியில் ஒரு காற்றுவாய், உச்சியில் ஒரு புகைவாய். இந்த இரண்டையும் கூட்டிக் குறைத்துத்தான் உள்ளே இருக்கும் தணலை ஆள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருமகளின் பிறந்தநாளுக்கு நான் அங்கே இருந்தேன். விருந்தாளிகள் 24 பேர். தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி ஊறிய கோழிக்கால்கள் 40. அடுப்பின் கம்பித்தட்டு 18.25 அங்குல விட்டம்.

“ரெண்டு ஈடு போட்டா கடைசி ஆள் சாப்பிட ராத்திரி பத்தாயிடும் மச்சான். ரெண்டு அடுக்கா வச்சு ஒரே ஈட்டுல எடுத்துடலாம்” என்றார் தங்கை கணவர். இட்லிக் கொப்பரையில் தட்டுக்கு மேல் தட்டு வைத்துப் பழகிய வீட்டில் பிறந்தவருக்கு வேறென்ன தோன்றும்? எனக்கும் அது சரியென்றே பட்டது.

இரண்டாம் அடுக்கை அவரே செய்திருந்தார். 16 அங்குல வட்டக் கம்பித்தட்டு ஒன்று, 4 அங்குல நீளப் போல்ட்டு நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அகன்ற வாஷர், நட்டு. கம்பிகளின் இடுக்கில் போல்ட்டை நுழைத்து, வாஷர் கம்பியின் மேலும் கீழும் கவ்வும்படி நட்டை முறுக்கியிருந்தார். நான்கு கால் வைத்த மணைப்பலகை போல அது கீழ்த்தட்டின் மேல் ஆடாமல் நின்றது. தணலுக்கும் கறிக்கும் நடுவே மூன்று கால் வைத்த பீங்கான் கல் ஒன்று, நேரடி அனலை மறிக்க. கீழ் அடுக்கில், நெய் சொட்டாமல் இருக்க இரண்டு அலுமினிய ட்ரேக்களில் 22 கால்கள். மேல் அடுக்கில் 18. மூடியை மூடினோம்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது கீழ் அடுக்கின் பின்பக்கத்துக் கால்கள் ஆறு கரிந்திருந்தன. முன்பக்கத்துக் கால்களில் எலும்போரம் இன்னும் சிவப்பு நீர் கசிந்தது. ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 58 டிகிரி செல்சியஸ். கோழிக்கறி 74 டிகிரியைத் தொட்டால்தான் சாப்பிடலாம். கடைசித் தட்டு வீட்டுக்குள் போனது இரவு பத்தேகாலுக்கு. பிள்ளைகள் கேக்கைத் தின்று தூங்கிப்போயிருந்தார்கள்.

அந்த ராத்திரி எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் இந்த அடுப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், பிறகு அதே அடுப்பில் நானும் அவரும் செய்து பார்த்ததையும் இங்கே சொல்கிறேன்.

இந்த அடுப்புக்குப் பிறவியிலேயே இடம் குறைவு. இதன் வகைப்பெயர் ‘காமாடோ’. ஜப்பானிய மொழியில் அதற்கு அடுப்பு என்று பொருள். மண்ணால் சுவர் எழுப்பி, மேலே பானை உட்காரத் துளை விட்ட அந்த அடுப்பு, ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டோடு வேர்விட்டது. அடுப்புக்கென்று தனித் தெய்வமே அங்கே உண்டு. அதன் ஒரு வடிவம்தான் ‘முஷிகாமாடோ’: மூடி போட்ட, தூக்கி வைக்கக்கூடிய மண் அடுப்பு. உள்ளே ஒரு சோற்றுப்பானை. அடியிலும் மேலேயும் காற்றை அளக்கும் வாய்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஊர் திரும்பும்போது இதையும் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் இதை விற்கத் தொடங்கினார். ‘பிக் கிரீன் எக்’ என்ற பெயர் அங்கே பிறந்தது. முதலில் வந்தவை வெறும் சுட்ட மண். சில ஆண்டு அனலில் விரிசல் விட்டன. பிறகுதான் வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும் பீங்கானுக்கு மாறினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் இதில் வைத்தது ஒரே ஒரு பானை. பானைக்கு ‘பரப்பு’ என்ற கவலை கிடையாது. அமெரிக்கர் பானையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்பித்தட்டைப் போட்டார்கள். இறைச்சித் துண்டுகளைப் பரப்பினார்கள். அன்றைக்கே இடத்தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. உருண்டையான ஒரு மண்பானையின் குறுக்கே ஒரு வட்டத்தை வெட்டி, அதை மட்டுமே சமையல் இடம் என்று எண்ணினால், மேலே குவிந்திருக்கும் மூடிக்குள் உள்ள வெளி முழுவதும் சும்மா கிடக்கும். அந்த வெளியைப் பார்த்துத்தான் எல்லோரும் இரண்டாம் அடுக்கை நினைக்கிறார்கள்.

இதே மாதிரி மண் சுவர் கொண்ட தந்தூர் அடுப்பு இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. அங்கே கம்பித்தட்டே இல்லை. ரொட்டியைச் சுவரிலேயே அறைந்து ஒட்டுகிறார்கள். கறியைக் கம்பியில் கோத்துச் செங்குத்தாக இறக்குகிறார்கள். சுவரும் ஆழமும்தான் அங்கே சமையல் இடம். காமாடோவின் சுவரோ உள்நோக்கி வளைந்து, பாதியில் பிளந்து, திறக்கும் மூடியாகிவிட்டது. அதில் ரொட்டி அறைய வழியில்லை. ஆனால் தந்தூர்க்காரரின் எண்ணத்தை இரவல் வாங்கலாம். விலாக்கறியைப் படுக்கவைக்காமல், புத்தக அலமாரியில் புத்தகம் நிறுத்துவது போல விளிம்பில் நிறுத்திவைக்கும் கம்பித் தாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு விலா கிடக்கிற இடத்தில் நான்கு நிற்கும். இரண்டாம் அடுக்கு போடுமுன் இதை யோசிப்பது நல்லது.

இப்போது கணக்குக்கு வருவோம். 18.25 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 262 சதுர அங்குலம். அதற்கு மேல் 16 அங்குல வட்டம் ஒன்றை ஏற்றினால் இன்னொரு 201. கூட்டினால் 463. பிக் கிரீன் எக் நிறுவனம் விற்கும் அடுத்த பெரிய அளவு 24 அங்குலம். அதன் பரப்பு 452. ஆக, நான்கு போல்ட்டும் ஒரு பழைய கம்பித்தட்டும் இருந்தால், அந்தப் பெரிய அடுப்பின் இடத்தைச் சிறிய அடுப்பிலேயே பெற்றுவிடலாம் என்று தோன்றும். தங்கை கணவர் போட்ட கணக்கும் இதுதான். விற்பனை விளம்பரங்களில் வரும் கணக்கும் இதுதான்.

கணக்கில் பிழையில்லை. அதில் காற்றுக்கு இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

பீங்கான் அடுப்பில் சூடு மூன்று வழியில் கறியைச் சேர்கிறது. தணலிலிருந்து நேராக வரும் அனல் ஒன்று. தணலைச் சுற்றிச் சூடாகி மேலெழும் காற்று இரண்டாவது. சூடேறிய சுவரும் மூடியும் நாலாபுறமிருந்தும் திருப்பி வீசும் வெப்பம் மூன்றாவது. நடுவே கல் வைத்துவிட்டால் முதல் வழி அடைபடுகிறது. அப்போது சூடான காற்று கல்லின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக ஏறி, மூடியின் குவிந்த உச்சியில் சேர்ந்து, பிறகு புகைவாயைத் தேடுகிறது. அடுப்பில் எவ்வளவு தீ என்பதைக் காற்றுவாய் தீர்மானிக்கிறது. அந்தச் சூடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தீர்மானிப்பது சுவருக்கும் கல்லுக்கும், சுவருக்கும் ட்ரேக்கும் நடுவே நாம் விடுகிற இடைவெளி. இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சூடு.

அன்றிரவு நடந்தது இப்போது விளங்கியது. எங்கள் அலுமினிய ட்ரேக்கள் இரண்டும் முன்பக்கமும் பக்கவாட்டிலும் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. கீல் இருக்கும் பின்பக்கத்தில் மட்டும் நான்கு விரல் திறப்பு. மேலே போக வேண்டிய காற்று முழுவதும் அந்த ஒரு சந்து வழியாகப் புகுந்தது. அதன் பக்கத்தில் இருந்த ஆறு கால்கள் கரிந்தன. எதிர்ப்பக்கத்துக் கால்கள் குளிரில் உட்கார்ந்திருந்தன.

இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. மூடியில் பதித்த வெப்பமானியின் ஊசி உள்ளே சில அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை அடுக்கில் அது வெறுங்காற்றில் நிற்கும். கறியை 4 அங்குலம் மேலே ஏற்றியதும், மூடியை மூடும்போது அது நேராக ஒரு கோழிக்காலுக்குள் இறங்கிவிட்டது. முள் 90 டிகிரியிலேயே நின்றது. அடுப்பு சூடேறவில்லை என்று நினைத்துக் காற்றுவாயை இன்னும் திறந்தோம். உண்மையில் முள் காட்டியது கோழியின் சூட்டை. தீ எங்களை மீறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் காலை உருவிப் பார்த்தபோது ஊசி இறங்கிய துளை தெளிவாக இருந்தது. இரண்டாம் அடுக்கு போடுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூடியை மெல்ல இறக்கி, ஊசி எதிலும் படவில்லை என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முடிந்தால் மூடி வெப்பமானியை மறந்துவிட்டு, கம்பித்தட்டில் கவ்வும் தனி வெப்பமானியை ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று வையுங்கள்.

காற்றுக்கு இடம் விட்டுக் கணக்கை மறுபடி போட்டேன். சுவரோரம் சுற்றிலும் ஓர் அங்குலம் வெற்றாக விட்டால், கீழ் அடுக்கில் கறிக்கு மிஞ்சுவது 16.25 அங்குல வட்டம், 207 சதுர அங்குலம். மேல் அடுக்கிலும் அப்படியே விட்டால் 14 அங்குல வட்டம், 154. மொத்தம் 361. பெரிய 24 அங்குல அடுப்பிலும் இதே விதியைப் பின்பற்றினால் 380 வரும். சிறிய அடுப்பு பெரியதை வெல்லவில்லை. ஆனால் அதன் தோளைத் தொட்டுவிடுகிறது. தன் பழைய நிலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் இடம். இது குறைவான லாபம் அல்ல. இரு மடங்கு கிடைக்கும் என்று நம்பியவருக்குத்தான் ஏமாற்றம்.

மேலடுக்கு, கீழடுக்கு இரண்டும் ஒரே மாதிரி வேகும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. இட்லிக் கொப்பரையோடு ஒப்பிட்ட எங்கள் எண்ணம் சறுக்கியது இங்கேதான். கொப்பரைக்குள் நிறைந்திருப்பது நீராவி. அது எந்தத் தட்டைத் தொட்டாலும் அங்கே குளிர்ந்து நீராகி, தன் மறைவெப்பத்தைக் கொடுத்துவிடும். எந்த அடுக்கும் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் ஐந்து தட்டு வைத்தாலும் ஐந்திலும் இட்லி ஒன்றுபோல வேகிறது. கரியடுப்பில் அப்படியொரு நடுவர் இல்லை. கல் வைத்துச் சுடும்போது, குறிப்பாகத் தொடக்கத்தில், மூடிக்கு அருகே சூடு அதிகம். கல்லின் நிழலில் இருக்கும் கீழடுக்கின் நடுவில் குறைவு. சுவரும் கல்லும் நன்றாக ஊறிச் சூடேறிய பிறகு இந்த வேறுபாடு சுருங்குகிறது. ஆகவே கறியை வைக்குமுன் அடுப்பைக் காலியாகவே முக்கால் மணி நேரம் ஒரே சூட்டில் நிறுத்தி வைப்பது இரண்டடுக்குச் சமையலில் பாதி வேலை. மீதிப் பாதி, நடுவில் ஒருமுறை மேலே உள்ளதைக் கீழும் கீழே உள்ளதை மேலும் மாற்றுவது.

கல் இல்லாமல் தணலுக்கு நேர் மேலே சுடும்போது கதை தலைகீழ். அப்போது கீழடுக்கில் உள்ள கறி மேலடுக்குக்குக் குடையாகிவிடும். இந்த நிலையில் இரண்டாம் அடுக்கின் சிறந்த பயன், கீழடுக்கைக் காலியாக விட்டு மேலே மட்டும் சுடுவது! தூரம் கூடினால் அனல் குறையும் என்பதற்குப் பலரும் தூரத்தின் தலைகீழ் வர்க்க விதியைச் சொல்வார்கள். அது புள்ளி போன்ற விளக்குக்குப் பொருந்தும். அகன்று கிடக்கும் தணலுக்குப் பொருந்தாது. 10 அங்குல அகலத் தணலுக்கு நேர்மேலே 6 அங்குலத்தில் இருந்த கறியை 11 அங்குலத்துக்கு ஏற்றினால், வர்க்க விதிப்படி அனல் 30 சதவீதமாகச் சரிய வேண்டும். தணலின் அகலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 42 சதவீதம் மிஞ்சுகிறது. தோல் உருகி முறுகவும், உள்ளே வேகவும், கரியாமல் இருக்கவும் இது போதுமான அளவு. கோழிக்காலுக்கு இதைவிட நல்ல இடம் அந்த அடுப்பில் வேறு இல்லை என்பது என் தீர்ப்பு. ஆனால் இதில் இடம் கூடவில்லை. சிறிய வட்டம் ஒன்றுக்கு நாமே இறங்கி வருகிறோம். கூடுதல் இடம், நல்ல சூடு, இவை இரண்டையும் ஒரே தட்டு எப்போதும் தராது.

அடுப்பு செய்பவர்களும் இந்தச் சிக்கலோடு பல வழியில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்திலேயே தொடங்கிய பிரைமோ நிறுவனம் வட்டத்தை விட்டு நீள்வட்டத்துக்குப் போனது. நீண்ட தணற்குழியின் ஒரு பாதியில் மட்டும் கரி மூட்டி, மறுபாதியை நிழலாக வைத்துக்கொள்ளலாம். 2009இல் தொடங்கிய காமாடோ ஜோ, முழு வட்டத் தட்டை இரண்டு அரைவட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்தில் பொருத்த வழி செய்தது. ஒரு பாதி தணலுக்கு அருகே, மறுபாதி உயரே. ஒரு பாதியின் கீழ் மட்டும் கல். அரைவட்ட எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் அது இடத்தைக் கூட்டுவதைவிட, இருக்கிற இடத்தை இரண்டு வகை இடமாக்குகிறது. மீனுக்கு ஒன்று, வேர்க்காய்கறிக்கு ஒன்று. வீட்டுச் சமையலுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அதுதான்.

அரைவட்டக் கற்கள் எதனால் ஆனவை என்று தேடிப் போனால் குயவரின் சூளையில் போய் நிற்போம். அந்தக் கல்லின் பெயர் கார்டியரைட். மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த கனிமம். லூயி கார்டியே என்ற பிரெஞ்சு நிலவியலாளரின் பெயரைத் தாங்கியது. சூடேறினால் மிகக் குறைவாகவே விரியும் என்பது அதன் பெருமை. விரியாத பொருள் விரிசல் விடாது. அதனால்தான் பீங்கான் சூளைகளில் கலங்களை அடுக்கடுக்காக ஏற்றும் பலகைகளைக் கார்டியரைட்டில் செய்கிறார்கள். மோட்டார் வாகனங்களின் புகைக்குழாயில் நச்சை முறிக்கும் தேன்கூட்டு வடிவப் பாகமும் பெரும்பாலும் இதுவே. தொழிற்சாலைகள் இதை மாக்கல்லையும் சீனக்களிமண்ணையும் அலுமினாவையும் கலந்து சுட்டுச் செயற்கையாக உருவாக்குகின்றன. இயற்கையில் கிடைக்கும் தெளிந்த நீலக் கார்டியரைட்டுக்கு அயோலைட் என்று பெயர். இலங்கையின் இரத்தினக் கற்படுகைகளிலும் நம் கரூர், காங்கேயம் வட்டாரத்திலும் கிடைக்கிறது. மோதிரத்தில் பதிக்கிற கல்லும் கோழிக்கால் வேகிற கல்லும் ஒரே இனம் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

சூளை அடுக்குகிறவர்கள் காற்றை மறப்பதே இல்லை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே தீ ஏறிப் போக வழி விட்டு, பலகைகளுக்கு நடுவே சிறு தூண்களை நிறுத்தி, எந்தக் கலமும் சுவரைத் தொடாமல் வைப்பார்கள். ஒரு கலம் கூடுதலாகத் திணித்தால் ஒரு பக்கம் முழுவதும் வேகாமல் போகும் என்பது அவர்கள் பட்டறிவு. நாங்கள் அன்றைக்குக் கூடுதலாகத் திணித்தது எட்டுக் கால்கள்.

வீட்டிலேயே அடுக்கு செய்கிறவர்களுக்கு உலோகம் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர் எவர்சில்வர் என்று சொல்கிற துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 என்ற தரம். ஹார்டுவேர் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் வெள்ளை போல்ட்டுகள் துத்தநாக முலாம் பூசியவை. துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும். காற்றுவாயை முழுதாகத் திறந்துவிட்டால் இந்த அடுப்பின் தணல் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். அதன் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித்தட்டை எடுத்து அடுக்காக வைக்கும் ஆசையும் நம் வீடுகளில் வரக்கூடியது. அது கூடவே கூடாது. அவற்றில் சிலவற்றுக்குக் காட்மியம் முலாம் பூசியிருப்பார்கள். சூட்டில் அது நஞ்சு.

இரண்டு அடுக்கு வைத்தால் கரி இரு மடங்கு செலவாகும் என்று நானும் நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் மெதுவாக வேகும் பன்றித் தோள்கறியை எடுத்துக்கொள்வோம். அந்த ஊரில் இந்த அடுப்பின் முதன்மைப் பண்டம் அதுதான். கூடுதலாக 8 கிலோ கறி வைத்தால், அதைச் சூடாக்கவும், அதிலிருந்து போகும் ஏறக்குறைய 2 கிலோ நீரை ஆவியாக்கவும் தேவைப்படுவது சுமார் 7 மெகாஜூல். ஒரு கிலோ கரியில் 30 மெகாஜூல் வரை இருக்கிறது. ஆக, கால் கிலோ கரி. புகைவாய் வழியே வீணாவதையும் சேர்த்தால் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த சுவர் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வரும் சிக்கனம் இது. வேகும் நேரமும் மொத்த எடையைவிட ஒவ்வொரு துண்டின் தடிமனைப் பொறுத்தது. இரண்டு தோள்கறி வேக எடுக்கும் நேரத்தைவிட நான்குக்குக் கொஞ்சம்தான் கூடும், இடைவெளி விட்டிருந்தால்.

இப்படிப்பட்ட நீண்ட சமையலில் எல்லோரையும் பதறவைப்பது கறியின் சூடு 65, 70 டிகிரிக்கு வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது. உள்ளிருந்து ஊறிவரும் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதுதான் காரணம் என்று கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதனை செய்து விளக்கினார். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். இரண்டு அடுக்குக் கறி இருந்தால் உள்ளே ஈரமும் இரட்டிப்பாகும். பொறுமைதான் வழி, காற்றுவாயைத் திறந்து அவசரப்படுத்தினால் அன்றிரவு எங்களுக்கு நேர்ந்ததே நேரும்.

அடுக்கு என்றால் ஒன்று மற்றொன்றின் மேல் சொட்டும். இதை நன்மையாகவும் ஆக்கலாம், தீமையாகவும் ஆக்கலாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மேலடுக்கில் தோள்கறியை வைத்து, கீழே ஒரு சட்டியில் பீன்ஸைப் போட்டு, கறியின் நெய் முழுவதும் அதில் சொட்டிச் சேரும்படி விடுகிறார்கள். பல மணி நேரம் கொதிப்பதால் சட்டியில் விழுந்தது எல்லாம் வெந்துவிடும். அதே மேலடுக்கில் பச்சைக் கோழியை வைத்து, கீழே வெந்து முடியப்போகும் கத்தரிக்காயையோ ரொட்டியையோ வைத்தால், கோழியின் பச்சை நீர் அதன் மேல் விழும். நோய்க்கு வேறு வழி தேட வேண்டாம். கீழே உள்ளது மேலே உள்ளதைவிட முன்பே எடுக்கப்படுமானால், அவற்றை இடம் மாற்றி வையுங்கள். நடுவே கல்லின் மேல் சொட்டு ட்ரே வைப்பவர்கள், கல்லுக்கும் ட்ரேக்கும் இடையில் நாணயத் தடிமனுக்காவது ஒரு சந்து விட வேண்டும். கல்லோடு ஒட்டிக்கொண்டால் நெய் கருகி, அந்தக் கசப்புப் புகை கறி முழுவதும் ஏறும்.

அடுக்கு மாற்றுவதற்காக மூடியை அடிக்கடி திறக்க நேரும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. வாய்கள் குறுகியிருக்கும்போது உள்ளே பிராணவாயு பற்றாமல், எரியக்கூடிய வாயுக்கள் சேர்ந்திருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் புதுக்காற்று பாய்ந்து, நெருப்பு முகத்தை நோக்கி வீசும். புருவமும் முன்கை முடியும் பொசுங்கியவர்கள் பலர். முதலில் இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி, சில நொடி நிறுத்தி, உள்ளே உஸ்ஸென்ற மூச்சு அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். குனிந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை அப்போது தள்ளி நிறுத்துங்கள்.

போன ஆண்டு அதே பிறந்தநாளுக்கு மறுபடி போயிருந்தேன். ட்ரேக்களைத் தூக்கிப் போட்டிருந்தோம். கல்லின் மேல் ஒரே ஒரு வட்டச் சொட்டுத்தட்டு, கல்லைவிடச் சிறியது. அடுப்பைக் காலியாகவே முக்கால் மணி நேரம் 190 டிகிரியில் நிறுத்தினோம். கீழே 18, மேலே 14, மொத்தம் 32 கால்கள். தங்கை கணவர் ஒவ்வொரு காலாக அடுக்கும்போது சுவரோரம் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். “இன்னும் ரெண்டு திணிக்கலாம் போலத்தான் இருக்கு” என்றார், திணிக்கவில்லை. அரை மணியில் அடுக்கு மாற்றினோம். ஐந்தேமுக்காலுக்கு வைத்தது ஏழு மணிக்குள் முழுவதும் 74 டிகிரியைத் தாண்டிவிட்டது. மீதி எட்டுக் கால்களை இரண்டாம் ஈடாகப் போட்டோம். பிள்ளைகள் கேக் வெட்டும்போது அவையும் தயார்.

இந்த அடுப்பு வைத்திருப்பவர்கள், பெரியதொன்று வாங்கப் பணம் சேர்க்குமுன் இரண்டாம் அடுக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே போதும். மாதம் ஒருமுறையாவது இருபது பேருக்குச் சமைப்பவர்கள் மட்டும் 24 அங்குல அடுப்புக்குப் போகலாம். அடுக்கோ கல்லோ வாங்கும்போது, அதே அளவில் ஒரு அட்டையை வெட்டி, குளிர்ந்த அடுப்புக்குள் வைத்து, சுவருக்கும் அட்டைக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கம்பித்தட்டு என்றால் கறியை அந்த எல்லைக்குள் அடுக்கலாம். கல், ட்ரே போன்ற மூடிய பொருள் என்றால், விரல் நுழையாத அளவை வாங்க வேண்டாம்.